கிணற்றடிக் கயிறு

கயிற்றை அவிழ்த்த அன்று அந்த முற்றத்தில் ஐந்து பேர் இருந்தோம். ஐயா, அவருடைய மகள், மகளின் கணவர், மகளின் இடுப்பில் இருந்த சின்னப் பிள்ளை, நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இருக்கவில்லை. ஒருவர் எனக்கு இந்த வேலையைப் பழக்கிய மிஸ். மாதத்தில் ஒருமுறைதான் கொழும்பிலிருந்து ரயிலில் வருவார். அந்த மாதம் வந்து போய்விட்டார். மற்றவர் ஐயாவின் கூட்டாளியான நானா. பேத்தியின் கலியாணத்துக்கென்று மூதூருக்குப் போனவர் இரண்டு கிழமை கழித்துத்தான் திரும்புவதாக இருந்தது. இந்த இரண்டு பேரில் ஒருவர் அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் கத்தியை வாங்கி வைத்திருப்பார். இதைப் பல தடவை நினைத்திருக்கிறேன். இல்லாதவர்களைச் சாட்டி என்னைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐயா என்று நான் சொல்கிறவருக்கு அப்போது எழுபது கடந்திருந்தது. வெள்ளைக்காரர் காலத்திலேயே துறைமுகத்தில் சேர்ந்து, கப்பல்களை உள்ளே இழுத்து வரும் படகில் கயிற்று வேலை செய்து ஓய்வுபெற்றவர். உள்துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், ஓடு போட்ட இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். மனைவி செத்து ஆறு வருடம். மகள் கப்பல்துறை என்ற ஊரில் கலியாணம் செய்து இருந்தாள். தன்னோடு வந்து இருக்கும்படி அவள் கேட்கும்போதெல்லாம், "அங்க சங்குச் சத்தம் கேளாது பிள்ளை" என்பார். துறைமுகச் சங்கு காலை ஏழுக்கும், மத்தியானமும், பின்னேரம் நாலுக்கும் ஊதும். அந்த மூன்று ஊதலுக்குள்தான் அவருடைய நாள் நடந்தது.

ஆவணி மாதம் ஒழுங்கையில் ஐயா ஒரு தரம் விழுந்து முழங்கால் உரசிவிட்டது. மகள் அழுதுகொண்டு வந்தாள். தகப்பனும் மகளும் இரண்டு நாள் கதையாமல் இருந்தார்களாம். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதை நான் போன முதல் நாளே, அவரை வைத்துக்கொண்டே அவள் எனக்குச் சொன்னாள்.

"தம்பி, நீங்கள் ரெண்டு மாசம் பழக்கிப் பாருங்கோ. ஆள் தனிய இருக்கலாம் எண்டு நீங்கள் சொன்னால் இருக்கட்டும். ஏலாது எண்டால் நான் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு சங்கு கிங்கு எண்டு கதைக்கப்படாது."

"தம்பி சொல்லுறதுதான் கடைசி" என்றார் ஐயா. "நானும் ஒத்துக்கொள்ளுறன்."

எனக்கு இருபத்திமூன்று வயது. என் ஒரு சொல்லில் இன்னொருவருடைய வீடு தொங்குவது அதுதான் முதல் தடவை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அது எனக்கு இனித்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா உப்புவெளியில் மீன் வாங்கி, சைக்கிளில் கட்டி, ஊருக்குள் விற்கிறவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பார். ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சின்ன மருந்துச்சாலை ஒன்று இருந்தது. அவர்கள்தான் என்னைக் கொழும்புக்கு அனுப்பி ஒன்பது மாதம் தேகப்பயிற்சி உதவியாளர் வேலை படிப்பித்தார்கள். திரும்பி வந்து, வயதானவர்கள் விழாமல் நடக்கப் பழக்குவதுதான் என் வேலை என்று சொன்னபோது அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எழும்பி இருக்கப் பழக்கிறதுக்கும் சம்பளமோ?" என்றார். "அப்ப எனக்கு அரசாங்கம் எவ்வளவு தரவேணும்?"

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் வெள்ளைச் சட்டையை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, குறிப்பெழுதும் நீல மட்டைக் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன்.

மிஸ் சொல்லித்தந்த முறை எளிமையானது. வயதானவர்கள் 'எக்சர்சைஸ்' என்று சொன்னால் செய்யமாட்டார்கள். செய்தாலும் ஒரு கிழமையில் விட்டுவிடுவார்கள். ஆகவே அவர்கள் எப்படியும் செய்கிற வேலைக்குள்ளேயே அதை ஒளித்து வைக்க வேண்டும். பல் விளக்கும்போது கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. கேத்தல் கொதிக்கும்வரை குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. சாப்பிட இருக்குமுன் கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து மூன்று தரம் எழும்பி எழும்பி இருப்பது. ரேடியோ போடப் போகும்போது சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பது. கால் பலப்படும், ஆளுக்குப் பயிற்சி செய்த நினைப்பும் வராது.

ஐயாவின் வீட்டில் எனக்கு வேலை இன்னும் சுலபமாக இருந்தது. எல்லாவற்றையும் சங்கில் கட்டிவிட்டேன். ஏழு மணிச் சங்குக்கு ஒற்றைக் கால். மத்தியானச் சங்குக்குக் கதிரை. நாலு மணிச் சங்குக்குக் கேத்தல். அவர் ஒரு நாளும் தவறவில்லை. வேலைக்குப் போகிறவர் மாதிரி நேரத்துக்கு நின்றார்.

பின்னேரங்களில் நானா வருவார். இருவரும் ஒரே படகில் இருபது வருடம் வேலை செய்தவர்கள். ஐயா ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தபடி நானா வாசற்படியில் இருந்து வெற்றிலை மெல்லுவார்.

"கொக்கு மாதிரி நிக்கிற. மீன் வருமா இல்லையா?"

"வாயை மூடடாப்பா. எண்ணுறன்."

"இந்த வயசில டிரில் மாஸ்டர் வச்சுப் படிக்கிற ஆள் நீ ஒருத்தன்தான். தம்பி, இவனுக்கு சேட்டிபிகேட் குடுப்பீங்களா?"

"நல்லாச் செய்தால் குடுப்பன் நானா."

"அப்ப எனக்கும் ஒண்டு எழுதுங்க. என்ட மனிசிக்குக் காட்டணும்."

கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயாவின் படுக்கை அறைக் கதவு நிலையில் தொடங்கி, சமைக்கிற குசினி வழியாக வெளியே வந்து, குசினிச் சுவரோடு தாழ்வாரத்தின் கீழ் ஓடி, கிணற்றடித் தூணில் சுற்றி, கக்கூஸ் வரை போகும் ஒரு தடித்த கயிறு. இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தது. படகில் கழித்த பழைய கயிறு. இடையிடையே முடிச்சுகள், ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு, கிணற்றடிக்குக் கிட்ட மூன்று. அதில் கையை ஓடவிட்டபடிதான் அவர் எங்கும் போவார். மகளுக்கு அதைக் கண்டால் வெட்கம். வருகிறவர்கள் மாடு கட்டியிருக்கிறதோ என்று கேட்கிறார்கள் என்பாள். முடிச்சுகள் கை வழுக்காமல் இருக்கப் போட்டவை என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது என்று எண்ணினேன். காலால் செய்ய வேண்டியதைக் கையால் செய்கிறார், அதனால்தான் கால் சோர்ந்து கிடக்கிறது என்று அன்றிரவே கொப்பியில் எழுதினேன்.

அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் மிஸ் தந்த கேள்விப் பட்டியல் இருந்தது. ஒவ்வோர் ஆளிடமும் முதலில் கேட்க வேண்டியவை. முதல் கேள்வியே கண். அதற்கு எதிரே நான் 'நல்லம்' என்று எழுதியிருந்தேன். நான் போன முதல் நாள் ஐயா மடியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் விலையையும் கூப்பன் அரிசியையும் பற்றி எனக்கே செய்தி சொன்னார். பேப்பர் படிக்கிற ஆளிடம் கண் தெரிகிறதா என்று கேட்பது மரியாதை இல்லை என்று பட்டது. அவருக்குப் பக்கத்தில் ரேடியோ இருந்ததையும் பார்த்தேன். காலைச் செய்தி முடிந்து அரை மணித்தியாலம் ஆகியிருந்தது என்பதையும் அறிவேன்.

அது மட்டுமல்ல. நான் ஒழுங்கை முனையில் சைக்கிளைத் திருப்பும்போதே, தலை தெரிவதற்கு முன்னமே அவர் கூப்பிடுவார்.

"தம்பி, செயின் காய்ஞ்சு கிடக்கு. எண்ணெய் விடும்."

என்ன கூர்மையான மனிதர் என்று மெச்சிக்கொண்டு உள்ளே போவேன்.

இரண்டு மாதம் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கணவனோடு வந்தாள். ஐயா அவர்களுக்கு முன்னால் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருந்தார். வலக் காலில் முப்பது எண்ணும்வரை நின்றார், இடக் காலிலும் நின்றார். மருமகன், "மாமா, என்னால ஏலாது" என்று ஒப்புக்கொண்டு தானும் நின்று பார்த்து, பதினெட்டில் சரிந்தார். பிள்ளை கைதட்டியது. மகளுடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் காணவில்லை. "தம்பி, கெட்டிக்காரன் நீங்கள்" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 'இருக்கலாம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கலாம். அந்தப் புகழ்ச்சி எனக்குப் போதவில்லை. இன்னும் ஒன்று காட்ட வேண்டும் போல் இருந்தது.

"இனிக் கயிறு தேவையில்லை அக்கா" என்றேன். "கயிறு இருக்கும்வரை கை அதைத் தேடும். கால் நம்பாது."

இது மிஸ் சொன்ன வசனம் அல்ல. மிஸ் சொன்னது என் கொப்பியிலேயே, என் கையெழுத்திலேயே இருக்கிறது: முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு விரலைத் தூக்கு, ஆனால் பிடிக்கிற சாமானை எடுக்காதே. கடைசி வரியை நான் மறந்திருக்கவில்லை. மகளுக்குக் கயிறு போவதில் விருப்பம் என்று தெரியும். அதனால் அந்த வரியைத் தாண்டினேன்.

மருமகன் உடனே குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்தார். "வெட்ட வேண்டாம், அவிழ்க்கலாம்" என்று ஐயா சொன்னார். கதவு நிலையில் இருந்த முடிச்சை அவரே அவிழ்த்தார். விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடின. பிறகு கயிற்றைக் கையில் சுருட்டியபடி குசினிச் சுவர்வரை வந்து நின்றார். என்னை நோக்கித்தான் திரும்பினார். என் முகத்தை நேரே பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"தம்பி, கிணத்தடிக் கயித்தை மட்டும் விடட்டே?"

"அதுதான் முதல்ல போகவேணும் ஐயா."

"ஓம்" என்றார். அவிழ்த்துச் சுருட்டி, மருமகனிடம் கொடுத்தார். மருமகன் அதை ஆட்டுக்கு உதவும் என்று கப்பல்துறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த கிழமை நான் மூன்று நாள் போனேன். ஐயா மெதுவாக நடந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ தேவாரம் சொல்கிறார் என்று எண்ணினேன். புறங்கையால் குசினிச் சுவரை உரசிக்கொண்டு போவதைக் கண்டு, "ஐயா, சுவரைத் தொடாதேங்கோ" என்றேன். கையை எடுத்துவிட்டார். இதை எழுதும்போது அந்தக் கையைத்தான் காண்கிறேன். சொன்னவுடனே, சூடுபட்டது மாதிரி இழுத்துக்கொண்ட கை.

கட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். படி ஏறி இறங்கும் பயிற்சிக்கென்று ஆறு அங்குல உயரத்தில் ஒரு மரக்கட்டை செய்வித்திருந்தேன். துறைமுகத் தெருவில் ஒரு தச்சன் பெட்டிப் பலகையில் அடித்துக் கொடுத்தான். மகள் காசு கொடுத்தாள். அதைக் கிணற்றுக்கட்டுக்கு இடப்பக்கம் வைத்திருந்தோம். குளிக்குமுன் அதில் பத்துத் தரம் ஏறி இறங்குவார். குசினி வாசலிலிருந்து கட்டைவரை பதினாலு காலடி. அது பதினாலு என்று அப்போது எனக்குத் தெரியாது.

கயிறு போய் ஒன்பதாம் நாள், மாரி மழை தொடங்கிவிட்டிருந்தது. காலையில் நான் போனபோது தூறிக்கொண்டிருந்தது. ஐயா அறைக்குள் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். பெட்டிப் பலகை நனைந்தால் விரிந்துவிடும் என்று, கிணற்றடியில் இருந்த கட்டையைத் தூக்கிவந்து தாழ்வாரத்தின் கீழே, குசினிச் சுவரோரமாக வைத்தேன். முந்திக் கயிறு ஓடிய இடத்துக்கு நேர் கீழே. அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கண்ணுக்கு முன்னால் கிடக்கிற சாமானைப் பற்றி ஆர் சொல்வார்? "ஐயா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மத்தியானச் சங்கு ஊதும்போது மழை விட்டு வெயில் அடித்தது. அவர் கை கழுவக் கிணற்றடிக்குப் புறப்பட்டிருக்கிறார். ஐந்தாவது அடியிலோ ஆறாவது அடியிலோ கட்டையில் கால் பட்டு, பக்கவாட்டில் கிணற்றுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். அடுத்த வீட்டு மனிசி சத்தம் கேட்டு வந்து தூக்கப் பார்த்திருக்கிறாள். தூக்க ஏலவில்லை. இடுப்பெலும்பு உடைந்திருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலில் பாரம் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மகள் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நல்ல வெயிலில், நடு மத்தியானத்தில், கால் இவ்வளவு பலமாக இருக்கிற மனிதன் முன்னால் கிடந்த கட்டையில் எப்படி இடறினார்? வார்டுக்கு வந்த டொக்டர் ஒரு டோர்ச்சை எடுத்து அவருடைய கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கி எத்தனை விரல் என்று கேட்டார். ஐயா கொஞ்சம் யோசித்து, "ரெண்டு" என்றார். டொக்டர் காட்டியது ஐந்து.

அன்று பின்னேரம் நானா மூதூரிலிருந்து படகேறி வந்தார். கலியாணத்துக்குக் கட்டிய புதுச் சாரத்தோடு வந்தார். கட்டிலுக்குக் கிட்டப் போய் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கயித்தை ஆரு அவிழ்த்த?"

"நான்தான் நானா."

"நீங்க காலப் பாத்தீங்க. கண்ணப் பாத்தீங்களா?"

கக்கத்தில் இருந்த கொப்பியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"மூணு வருசமா அவனுக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரியும். மகளுக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டுக் கொண்டுபோயிருவா எண்டு என்னட்ட சத்தியம் வாங்கினான். நாங்க ரெண்டு பேரும்தான் அந்தக் கயித்தைக் கட்டினது. ஒரு முடிச்சு எண்டா படி. ரெண்டு எண்டா கான். மூணு எண்டா கிணறு. பிடிச்சு நடக்கயில்ல தம்பி. வாசிச்சு நடந்தான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, தானும் சத்தியத்தைக் காப்பாற்றிக் கூட்டாளியைக் கெடுத்துவிட்டதாக முணுமுணுத்தபடி சுவரோடு சாய்ந்தார். எனக்கு அப்போதும் ஒரு வழி கிடைத்தது. கண் தெரியாததை அவர் மறைத்தார், அதனால் விழுந்தார் என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். மகள்கூட, "என்னட்டச் சொல்லியிருக்கலாமே அப்பா" என்று அழுதாள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னவன் என்ற பழி எனக்குப் பாதி வந்தது. கட்டை எப்படி அங்கே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிணற்றடியிலிருந்து அது நகர்ந்தது மற்றவர்கள் கண்ணில் படவில்லை.

ஒருவரைத் தவிர. நாலாம் நாள் நான் தனியாகப் போனபோது ஐயா விழித்திருந்தார். சைக்கிளை வெளியில் விட்டு வந்திருந்தேன். ஆனாலும் ஆளை அறிந்துகொண்டார்.

"தம்பி."

"ஓம் ஐயா."

"வாசல்ல இருந்து கட்டைக்குப் பதினாலு அடி. நான் பிழையா எண்ணேல்ல. ஆறு தான் எண்ணினனான்." விரல்கள் போர்வை விளிம்பில் ஓடின. "கட்டையை ஆரும் எடுத்து வைச்சதோ?"

அதைச் சொல்ல அந்த ஒரு தருணம்தான் இருந்தது. தலைமாட்டில் மகள் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் நித்திரை. வாயைத் திறந்தேன். வந்தது இது:

"தெரியாது ஐயா. நாய் கீய் இழுத்துக்கொண்டு வந்திருக்கும்."

ஐயா மேலே பார்த்தபடி கிடந்தார்.

"ஓம்" என்றார். பிறகு, "பெரிய நாயாத்தான் இருக்கும்" என்றார்.

சிரித்தாரோ என்று எனக்குத் தெரியாது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் இடுப்பெலும்புக்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் எங்களுக்கு எட்டவில்லை. மூன்று மாதம் பாரம் கட்டிக் கிடந்தார். பிறகு கப்பல்துறைக்குக் கொண்டுபோனார்கள். முறிவு வைத்தியர் ஒருவர் எண்ணெய் பூசி மட்டை கட்டினார். எலும்பு கோணலாகப் பொருந்தியது. மற்றக் கால் கட்டிலிலேயே மெலிந்துபோயிற்று. நான் முப்பது எண்ண நிற்கப் பழக்கிய கால். மருந்துச்சாலைக்கு மிஸ் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், கட்டையைத் தவிர. அவர் என் கொப்பியைத் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தார். 'நல்லம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். ஏசவில்லை. அந்தப் பக்கத்தை நான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. ஒரு நாள் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டே, "அந்த மனிசன்ர வீட்டுக்குப் போறனியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "படிச்சனீ எல்லே" என்றார். தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த சம்பளத்தன்று கப்பல்துறைக்குப் பஸ் ஏறினேன். சட்டைப் பையில் அந்த மாதச் சம்பளத்தில் பாதி, எழுபத்தைந்து ரூபா இருந்தது. அங்கே அது எதற்குப் போதும் என்று யோசிக்கவில்லை.

ஐயா உள்ளறையில் நித்திரை. மகள் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச்சொல்லி, இருக்கப் பலகையைத் தட்டிப் போட்டாள். வாசலில் ஆடு ஒன்று கட்டியிருந்தது. கயிற்றில் இரண்டு முடிச்சுகள் இன்னும் அவிழாமல் இருந்தன. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒளிக்க ஏலவில்லை.

"அக்கா, கட்டையை நகர்த்தினது நான். மழை நனைக்குமெண்டு தாழ்வாரத்தில வைச்சனான். ஐயாவிட்டச் சொல்லேல்ல."

அவள் நீத்துப்பெட்டியை இறக்கி வைத்தாள். திரும்பாமலே கதைத்தாள்.

"அப்பா எனக்கு வேற மாதிரியெல்லோ சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"மழை நனைக்குமெண்டு தானேதான் நகர்த்தினதாம். வைச்ச இடத்தை மறந்துபோனாராம்." இப்போது திரும்பினாள். "நான் அதுக்கு அவரை எவ்வளவு ஏசினனான் தெரியுமே? படுக்கையில கிடக்கிற மனிசனை."

மழைக்காகத்தான் கட்டை நகர்ந்தது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. தூறிய நேரத்தில் நான் முற்றத்தில் நின்றதை, கட்டை தூக்கும் சத்தத்தை, அறைக்குள் சட்டை மாற்றியபடி கேட்டிருப்பார். எங்கே வைத்தேன் என்பது மட்டும் கேட்கவில்லை. பிறகு படுத்திருந்தபடி யோசித்துச் சேர்த்திருப்பார். நான் நாயைச் சொன்னபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பையிலிருந்த காசை எடுத்து அடுப்படியில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"இதை எடுத்துக்கொண்டு போங்கோ தம்பி. உங்கட கொப்பர் மீன் வித்துத்தானே வளர்த்தவர்."

"எவ்வளவு முடிஞ்சது அக்கா?"

ஏன் கேட்டேன் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும். ஒரு தொகை கேட்டால், என்றைக்கோ கட்டி முடிக்கலாம் போன்ற ஒன்றாக அது மாறிவிடும் என்று நினைத்திருக்கிறேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, எங்கும் எழுதிவைக்காமல், மனதிலிருந்து சொன்னாள். ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து கப்பல்துறைக்கும் கார். கட்டில். முறிவு வைத்தியருக்கும் எண்ணெய்க்கும். அவளுடைய கணவர் மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரியில் நின்றது. துறைமுகத்து வீட்டை ஆருக்கோ எழுதிக் கொடுத்ததை அவள் அதில் சேர்க்கவில்லை. ஊதுவதை நிறுத்தி, விட்டுப்போன ஒன்றை நினைத்தவள் போல, "கட்டைக்கு நாலு" என்றாள். குத்திச் சொல்லவில்லை, தச்சனுக்குக் கொடுத்தது அவள்தான், அதனால் ஞாபகம் வந்தது.

எல்லாமாக ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு ரூபா.